20 ரூபாய் அருகம்புல் சாறும் அது வளர்ந்த மண்ணும்

திருச்சியில் நான் காலை நடை போகும் பூங்காவின் வாசலில் ஒரு தள்ளுவண்டி நிற்கிறது. ஐந்தரை மணிக்கு வரும். எட்டரைக்குள் கேன்கள் காலியானதும் போய்விடும். நெல்லிக்காய், வாழைத்தண்டு, வெண்பூசணி, முடக்கத்தான் என்று வரிசையாக இருக்கும் எவர்சில்வர் கேன்களில் முதலில் தீர்ந்துபோவது அருகம்புல் சாறுதான். தை மாதம் தொடங்கிச் சித்திரை முடியும் வரை, வாரத்துக்கு நான்கு நாள் வீதம் அந்தச் சாற்றை வாங்கிக் குடித்தேன். இடையில் ஊருக்குப் போயிருந்த சில நாள்களுக்காக ஒரு நாட்டுமருந்துக் கடையில் அருகம்புல் பொடி வாங்கினேன். இரண்டிலும் மனம் நிறையாமல், கடைசியில் மொட்டைமாடியில் நானே வளர்த்தும் பார்த்தேன். மூன்றையும் பற்றி இங்கே எழுதுகிறேன். வண்டியின் அடையாளத்தையும் கடையின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறை அநேகமாக எல்லா ஊர்ப் பூங்கா வாசல்களுக்கும் பொருந்தக்கூடியது. ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். வேளாண் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அருகை எப்படி ஒழிப்பது என்று விவசாயிகளுக்குச் சொல்லியே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. கோடையில் ஆழ உழுது, மண்ணுக்குள் ஓடும் தண்டுகளை வெயிலில் புரட்டிப் போட்டுக் காய விடுங்கள் என்று சொல்வோம். ஈரத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினால் துண்டான ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாகிவிடும் என்று எச்சரிப்போம். உலகின் மிகக் கொடிய களைகளைத் தரவரிசைப்படுத்தி 1977-இல் வெளிவந்த பட்டியலில் கோரைக்கு முதலிடமும் அருகுக்கு இரண்டாமிடமும் தரப்பட்டிருந்தன. கல்யாண வீட்டில் 'அருகுபோல் வேரோடி' என்று பெரியவர்கள் வாழ்த்தும்போது, வயல் வைத்திருப்பவர்கள் சிலர் வாய்க்குள் சிரித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புல்லைத்தான் ஒரு டம்ளர் 20 ரூபாய் கொடுத்துக் குடிக்கத் தொடங்கினேன்.

முதலில் பானத்தைப் பற்றி. வண்டியை நடத்துவது ஒரு கணவனும் மனைவியும். முந்தைய நாள் மாலையில் புல்லை அறுத்து வந்து, இரவே ஆய்ந்து அலசி, ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுகிறார்கள். விடியற்காலையில் இரண்டு கைப்பிடிப் புல்லுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்ற கணக்கில், அரை அங்குல இஞ்சியும் நான்கைந்து மிளகும் சேர்த்து மிக்சியில் அரைத்து, வெள்ளைத்துணியில் பிழிந்து கேனில் ஊற்றுகிறார்கள். டம்ளரில் ஊற்றிய பிறகுதான் எலுமிச்சையும் ஒரு சிட்டிகை இந்துப்பும் போடுகிறார்கள். இந்த வரிசை முக்கியமானது. எலுமிச்சையை முன்கூட்டியே கேனில் பிழிந்துவிட்டால், புளிப்பில் பச்சையம் சிதைந்து, சாறு ஒரு மணி நேரத்தில் பாசிபிடித்த காக்கி நிறத்துக்கு மாறிவிடும். வேறொரு வண்டியில் அப்படிப்பட்ட சாற்றைக் குடித்து முகம் சுளித்திருக்கிறேன். இவர்களுடையது ஆறு மணிக்குக் கரும்பச்சையாக, மேலே மெல்லிய நுரை படர்ந்து வருகிறது. முதல் வாயில் மழை பெய்த மறுநாள் புல்தரையில் எழும் வாசனையும், அடுத்து இலேசான தித்திப்பும், தொண்டை இறங்கும்போது மிளகின் காரமும் தெரியும். கசப்பு என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் வேப்பிலையின் கசப்போ பாகற்காயின் கசப்போ இதில் கிடையாது. ஏழரைக்கு மேல் போனால் மட்டும் நுரை அடங்கி, அடியில் நார் தங்கி, வைக்கோல் ஊறிய தண்ணீர்போல ஆகிவிடுகிறது. குடிப்பதானால் ஆறரைக்குள் போய்விடுவது நல்லது.

சுத்தத்தைப் பொறுத்தவரை பெரிய குறை சொல்ல முடியாது. எவர்சில்வர் டம்ளர்களைக் கொதிக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தில் முக்கி எடுக்கிறார்கள், ஐஸ் போடுவதில்லை, அரைப்பதற்குக் கேன் தண்ணீரையே பயன்படுத்துகிறார்கள். சில்லறைத் தகராறு ஒருநாளும் வந்ததில்லை. 'சாருக்கு மிளகு கொஞ்சம் தூக்கலா' என்று அந்த அம்மாள் மூன்றாம் நாளே நினைவில் வைத்துக்கொண்டது கூடுதல் சந்தோஷம். (பலகையில் 'அருகம்புல் ஜூஸ்' என்று எழுதியிருக்கிறது. அகராதிகள் வல்லின றகரம் போட்டு 'அறுகு' என்றுதான் தருகின்றன. ஆனால் ஊரே இடையினத்துக்கு மாறிவிட்ட பிறகு வண்டிக்காரரிடம் இலக்கணம் பேசுவது அழகல்ல என்பதால் நானும் ஊரோடு ஒத்து எழுதுகிறேன்.)

சிக்கல் இரண்டாம் வாரத்தில் தொடங்கியது. வண்டியின் அடித்தட்டில், ஈரத்துணி விலகி, மறுநடைக்கு அரைக்க வைத்திருந்த புல் வெளியே தெரிந்தது. பழக்கதோஷத்தில் ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அருகை அடையாளம் காண்பது கடினமில்லை. தரையோடு ஓடும் கொடியும், கணுவுக்குக் கணு கிளம்பும் வேரும், சாம்பல் பூத்த பச்சையில் ஒடுங்கிய இலையும், இலை தண்டைத் தழுவும் இடத்தில் வெள்ளை மயிர் வளையமும் அதற்கு உண்டு. பூத்திருந்தால் இன்னும் எளிது: ஒரே புள்ளியிலிருந்து நான்கைந்து மெல்லிய கதிர்கள் விரித்த விரல்களைப்போலக் கிளம்பும். 1753-இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டபோது விரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே சேர்த்தார். என் கையில் இருந்த கொத்தில் முக்கால் பங்கு அருகுதான். மீதியில் காக்காய்க்கால் புல் இருந்தது. அதற்கும் விரல்போன்ற கதிர்தான். ஆனால் குட்டையாக, தடிப்பாக, நுனியில் கூரான முள்ளோடு, பெயருக்கேற்பக் காக்கையின் காலாகவே இருக்கும். அதைக் குடித்தால் ஆபத்து என்று சொல்லவில்லை. மாடு இரண்டையும் ஒன்றாகத்தான் மேய்கிறது. ஆனால் அருகுக்குக் காசு கொடுப்பவருக்கு அருகுதான் கிடைக்க வேண்டும். தவிர, இந்த இரண்டு புல்லும் கலந்து வந்தால் அது எப்படிப்பட்ட இடத்தில் அறுக்கப்பட்டிருக்கும் என்று என் போன்றவர்களுக்கு உடனே ஒரு படம் தோன்றிவிடும்: பாதையோரம், கொட்டிய மண், கிளறிப்போட்ட தரை.

"எங்கண்ணே அறுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வாய்க்கா கரைதான் சார். மெயின் ரோட்டுப் பாலத்துக்கு இந்தப் பக்கம். நல்லா தளதளன்னு கெடக்கும்."

அவர் மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தளதளவென்று கிடப்பது ஏன் என்பதுதான் என் கவலை. அந்தப் பாலத்துக்கு அருகில் தெருக்களின் சாக்கடை வாய்க்காலில் கலக்கிறது. தழைச்சத்துக்கு அங்கே பஞ்சமே கிடையாது. மனிதன் வெட்டி, மிதித்து, கொட்டிக் கெடுத்த நிலத்தில் முதலில் வந்து உட்காரும் புல் அருகு. வேறு செடிகள் பிழைக்காத மண்ணிலும் அது பிழைக்கும். சீனாவின் குவாங்தொங் மாகாணத்தில் ஈயமும் துத்தநாகமும் எடுக்கும் ஃபான்கோ சுரங்கத்தின் கழிவு மண்ணில்கூட அருகு தாங்கி வளர்வதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கெட்ட மண்ணைப் பசுமையாக்க அதை நடலாம் என்ற யோசனையே இந்தத் தாங்கும் சக்தியிலிருந்து வந்ததுதான். ஆக, ஒரு புல் செழிப்பாக இருக்கிறது என்பது அது நின்ற மண் சுத்தமானது என்பதற்குச் சான்றே அல்ல. கீரை வாங்கும்போது தழைப்பைப் பார்த்து நம்புகிற நம் கண், அருகு விஷயத்தில் ஏமாந்துவிடும்.

சாலையோர மண்ணில் என்ன இருக்கும்? இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது; ஆனால் ஈயம் மக்குகிற பொருள் அல்ல, அதற்கு முன் பல பத்தாண்டுகள் புகையோடு படிந்தது மேல்மண்ணிலேயே தங்கியிருக்கிறது. டயர் தேய்ந்த தூளும், பிரேக் தூளும், பழைய பெயின்டின் செதிளும் இன்றைக்கும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. இத்தகைய உலோகங்களில் பெரும்பங்கு வேரிலேயே தங்கும், தழைக்குக் குறைவாகவே ஏறும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் வண்டியில் அரைபடுவது தழை மட்டுமல்ல. தரையோடு கிடந்த கொடியும், மண் ஒட்டிய கணுவேரும் சேர்ந்தே மிக்சிக்குள் போகின்றன. அலசினால் மேலே படிந்த தூசி போகும். உள்ளே ஏறியது எங்கே போகும்?

வயல்வரப்புப் புல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. வரப்பில் மண்வெட்டி பிடிக்க ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் களைக்கொல்லி தெளிப்பது சாதாரணமாகிவிட்டது. அருகுக்கு அடிக்கும் மருந்துகளில் அதிகம் புழங்கும் கிளைபோசேட், தெளித்த மறுநாளே புல்லைக் கருக்கிவிடுவதில்லை. இலை வழியாக உள்ளே இறங்கி, மண்ணுக்குள் ஓடும் தண்டு வரை போய்ச் சேர்ந்து, மஞ்சளிப்பது வெளியே தெரிய ஒரு வாரம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். அந்த இடைப்பட்ட நாள்களில் புல் பச்சையாகத்தான் நிற்கும். அறுக்க வருபவருக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. களத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில், இந்தச் சாற்றைப் பற்றி எனக்குள்ள அச்சங்களில் இதையே முதலாவதாக வைப்பேன்.

பச்சையாகக் குடிப்பதில் உள்ள ஆபத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேக வைக்காத எந்தத் தழையிலும், அது வளர்ந்த இடத்தில் மலக்கழிவு கலந்திருந்தால், உருளைப்புழு முட்டையும் வயிற்றுப்போக்குக் கிருமிகளும் இருக்கக்கூடும். தரையோடு கிடக்கும் அருகம்புல்லில் அந்த வாய்ப்பு கூடுதல். தெருநாய்களுக்கும் அருகுக்கும் உள்ள உறவை இங்கே விரிவாக எழுத வேண்டியதில்லை. வயிறு சரியில்லாத நாய் அதை மேய்கிறது என்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள், நல்ல வயிற்றோடு இருக்கும் நாய் அதே புல்லில் என்ன செய்கிறது என்பதைச் சொல்வதில்லை.

இனி, குடித்ததால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வண்டியின் பக்கவாட்டில் சர்க்கரை, கொழுப்பு, உடல் எடை, தோல் நோய், மூட்டுவலி, கர்ப்பப்பைக் கோளாறு என்று இருபதுக்கும் மேற்பட்ட நோய்கள் அச்சிட்ட பலகை தொங்குகிறது. சித்த மருத்துவத்தில் அருகுக்கு நீண்ட இடம் உண்டு. உடல் சூட்டுக்கும் இரத்தப்போக்குக்கும் அதைக் கையாண்டிருக்கிறார்கள். சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு அருகின் சாரத்தைக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறைந்ததாகவும் ஆய்வுகள் வந்துள்ளன. ஆனால் எலிக்குக் கொடுத்தது அளந்து எடுத்த சாரம். பூங்கா வாசலில் துணியில் பிழிந்த ஒரு டம்ளருக்கு அந்தக் கணக்கை நேராகப் பொருத்த முடியாது. என் அனுபவம் இதுதான்: குடிக்கத் தொடங்குமுன் என் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 7.1 சதவீதம், சித்திரை முடிந்து எடுத்தபோது 7.0. மாத்திரையை நிறுத்தவில்லை, நடையையும் நிறுத்தவில்லை. அந்த 0.1 இறங்கியதற்குப் புல் காரணமா, பரிசோதனையின் இயல்பான ஏற்ற இறக்கமா என்று கேட்டால், இரண்டாவதற்கே என் வாக்கு. காலையில் வயிறு இலேசாக இருந்தது உண்மை. காபிக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போனால் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் எந்தப் பச்சிலைச் சாற்றையும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. இதை அந்தப் பலகையில் ஓர் ஓரத்திலாவது எழுதியிருக்கலாம்.

பொடிக்கு வருகிறேன். 100 கிராம் பொட்டலம், விலை 90 ரூபாய். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'அடர்ந்த காட்டில் சேகரித்த இயற்கை அருகம்புல்' என்று அச்சிட்டிருந்தது. படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அருகுக்கு நிழலே ஆகாது. வெயில் விழாத இடத்தில் கொடி நீண்டு, இலை மெலிந்து, கொஞ்ச நாளில் காணாமல் போய்விடும். ஆடு மாடும் மனிதரும் நடமாடுகிற திறந்த வெளிதான் அதன் ஊர். அடர்ந்த காட்டில் அருகு தேடுகிறவர் கடற்கரையில் குறிஞ்சி தேடுகிறவருக்குச் சமம். ஆக, முன்பக்கம் எழுதியவருக்கு உள்ளே இருக்கும் பொருளைப் பற்றித் தெரியாது, அல்லது தெரிந்தே எழுதியிருக்கிறார். பின்பக்கத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், 14 இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் 13 இருந்தது. பொடியோ கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை. வீட்டில் நிழலில் உலர்த்தி இடித்த அருகம்புல் பொடி அப்படி இருக்காது. வைக்கோலும் பச்சையும் கலந்த மங்கல் நிறமாகத்தான் இருக்கும். ஒரு தேக்கரண்டியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி இரவு முழுதும் வைத்தேன். காலையில் மேலே தெளிந்த தண்ணீர் பச்சைச் சாயமாக நின்றது; தூள் நடுவில் தொங்கியது; அடியில், விரல் நகத்தின் வெள்ளைப்பிறை அளவுக்கு, நறநறவென்று மணல் படிந்திருந்தது. நாக்கில் வைத்தபோது புல்லின் வாசனையே இல்லை. மீதியை எங்கும் கொட்ட மனமில்லாமல் பொட்டலத்தோடு குப்பையில் போட்டேன். கடைக்காரரிடம் இலக்கக் கணக்கைச் சொன்னேன். "கம்பெனிக்காரங்ககிட்ட கேளுங்க சார்" என்றார்.

பிறகுதான் வளர்த்துப் பார்க்கும் எண்ணம் வந்தது. அருகை ஒழிக்கச் சொன்னவன் அதற்குத் தொட்டி வாங்கினேன் என்று என் மனைவி இன்றைக்கும் கேலி செய்கிறாள். இரண்டடி அகலமுள்ள பிளாஸ்டிக் தொட்டியில், செம்மண்ணும் மக்கிய எருவும் பாதிப்பாதி நிரப்பி, ஊரில் எங்கள் களத்துமேட்டிலிருந்து கொண்டுவந்த கொடியை, இரண்டு மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி படுக்க வைத்தேன். பத்து நாளில் துளிர்த்து, ஐந்தாவது வாரத்தில் தொட்டி மூடியது. தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுக் கத்தரியால் நுனித்தழையை மட்டும் வெட்டி எடுத்தேன். மண்ணே படாத அந்தத் தழையில் அரைத்த சாறு வண்டிச் சாற்றைவிட வெளிர்ப்பச்சை, தித்திப்பு கூடுதல், அடியில் ஒரு துளி மணல்கூட இல்லை. ஆனால் ஒரு தொட்டி வாரத்துக்கு ஒரு டம்ளருக்குத்தான் காணும். வாரம் நான்கு நாள் குடிக்க வேண்டுமென்றால் நான்கு தொட்டியும் முழு வெயிலும் வேண்டும். தொட்டியை எக்காரணம் கொண்டும் வெறுந்தரையில் வைக்கக் கூடாது; அடித்துளை வழியே வேர் இறங்கினால் பிறகு அந்த வீட்டின் புல் அதுதான். என் தொட்டியின் கொடி ஏற்கெனவே கைப்பிடிச் சுவரின் வெடிப்பை நோக்கி நீண்டுவிட்டது. வாரம் ஒருமுறை வெட்டிவிடுகிறேன்.

வண்டிக்காரரிடம் இதையெல்லாம் ஒரே நாளில் கொட்டவில்லை. பாலத்தடியில் அறுக்க வேண்டாம், தழையை மட்டும் அறுங்கள், மருந்து அடித்த வரப்பா என்று நிலத்துக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று நாளுக்கு ஒன்றாகச் சொல்லி வந்தேன். அவர் கேட்டுக்கொண்டே மிளகைத் தூவினார். ஆனால் அந்த அம்மாள், அவருடைய தம்பி லால்குடிப் பக்கம் மாடு வளர்ப்பதாகவும், மாட்டுக்கு அறுக்கிற வரப்பில் மருந்து அடிப்பதில்லை என்றும் சொன்னார். மாட்டுக்காரர் சொல்வதை நான் நம்புவேன். தன் மாடு மேய்கிற வரப்பில் யாரும் மருந்து அடிக்கமாட்டார்கள். வைகாசி முதல் வாரத்திலிருந்து புல் அங்கிருந்து வருகிறது. பேருந்துக் கட்டணத்துக்காக டம்ளருக்கு 5 ரூபாய் கூட்டியிருக்கிறார்கள். அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். புதன்கிழமை அடித்தட்டைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தேன். வேர் இல்லை, கொடி குறைவு, காக்காய்க்கால் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது.

பானத்தின் ருசிக்கும் பரிமாறும் சுத்தத்துக்கும் ஐந்துக்கு நான்கு தருகிறேன். தை முதல் சித்திரை வரை வந்த புல்லுக்கு ஐந்துக்கு ஒன்றுதான். இப்போது வருகிற புல்லுக்கு மூன்று. பலகைக்கு மதிப்பெண் கிடையாது. பொடிக்கும் கிடையாது. ஐப்பசியில் மழை பிடித்து வரப்பெல்லாம் மூழ்கும்போது இவர்கள் எங்கே போய் அறுப்பார்கள் என்று தெரிந்த பிறகு மூன்றை நான்காக்குவதா இரண்டாக்குவதா என்று முடிவு செய்வேன். அந்த மழை மாதங்களில் மட்டும் நெல்லிக்காய்ச் சாற்றுக்கு மாறிக்கொள்வதாக அந்த அம்மாளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.